தாளா, கிண்டிலா, போனா, காதா?

இரவில் அரை மணி நேரம் படிக்க உட்காருகிறவருக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: அச்சுப் புத்தகம், கிண்டில் என்கிற அமேசானின் மின்நூல் கருவி, போன், ஒலிப்புத்தகம். நான்கிலும் எனக்குப் பழக்கம் உண்டு, நான்கின் மேலும் புகார் உண்டு. எதில் படித்தால் நாளைக்கும் விட்ட இடத்துக்குத் திரும்பி வரத் தோன்றுகிறது என்பதுதான் என் அளவுகோல்.

போனை முதலில் முடித்துவிடலாம். எப்போதும் கையிலேயே இருப்பது அதன் ஒரே பலம். எங்காவது வரிசையில் நிற்கும்போது நாலு பக்கம் ஓட்டிவிடலாம். ஆனால் பாதி வரியில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்க்கும். என்னவென்று பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் கதையில் யாருக்கு யார் தம்பி என்பதே மறந்திருக்கும். படுக்கையில் இன்னும் மோசம். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இரவு ஐபேடில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்த நாட்களைவிடத் தூக்கம் வர சுமார் 10 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்கிற ஹார்மோனின் சுரப்பும் குறைந்திருந்தது. கலந்துகொண்டவர்கள் 12 பேர்தான், படித்ததோ தினமும் நான்கு மணி நேரம். அதனால் இதை ரொம்பவும் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

நிஜமான போட்டி தாளுக்கும் கிண்டிலுக்கும்தான். 2007 நவம்பரில் முதல் கிண்டில் வந்தபோது பலர் அதையும் இன்னொரு திரை என்றே நினைத்தார்கள். ஆனால் அதன் திரைக்குள் இருப்பவை தலைமுடியின் தடிமனே உள்ள நுண்குமிழ்கள். ஒவ்வொன்றிலும் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் மிதக்கும். மின்புலத்தை மாற்றினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். எழுத்து ஒருமுறை அமர்ந்துவிட்டால் அதை அங்கே நிறுத்திவைக்க மின்சாரம் வேண்டாம், பக்கம் மாறும்போது மட்டும் போதும். சார்ஜ் வாரக்கணக்கில் நிற்பது அதனால்தான். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதே, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது வரம். அப்புறம், தொள்ளாயிரம் பக்க நாவலை மல்லாந்து படுத்துப் படிக்கையில் கண் சொக்கினால் மூக்கு தப்பிக்கும்.

தாளுக்கு என்ன மிச்சம்? இடம். 'அந்த வரி இடது பக்கத்தில், கடைசிக்கு முன்னால்' என்று கண் குறித்து வைத்திருக்கும். எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது விரல்களுக்கே தெரியும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 50 பேருக்கு 28 பக்கத் துப்பறியும் கதை ஒன்றைக் கொடுத்தார்கள், பாதிப் பேருக்குத் தாளில், பாதிப் பேருக்குக் கிண்டிலில். கதை புரிந்ததில் பெரும்பாலும் வித்தியாசம் இல்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று வரிசைப்படுத்தச் சொன்னபோதுதான் கிண்டில்காரர்கள் பின்தங்கினார்கள். 43 சதவீதம் என்று திரை சொல்கிறது, கைக்கு அது உறைப்பதில்லை. துப்பறியும் கதைக்கே இப்படியென்றால், முன்னும் பின்னும் புரட்டிப் படிக்க வேண்டிய கனமான புத்தகத்தை நான் தாளில்தான் வாங்குவேன். 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு அலசலும் தகவல் நிறைந்த எழுத்துக்குத் தாளே மேல் என்றது. வெறும் கதையில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பொழுதுபோக்கு நாவலுக்காகச் சண்டை வேண்டாம்.

இன்னொன்று. 2009இல் உரிமைச் சிக்கல் ஒன்றுக்காக, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய சில மின்நூல்களை அவர்களுடைய கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. அவற்றில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்கு அந்தப் பயம் இல்லை. இரவல் வாங்கிப் போனவர்தான் பயம்.

ஒலிப்புத்தகத்தை 'அதெல்லாம் படிப்பதில் சேராது' என்று ஒதுக்குவது நியாயமில்லை. பார்வையற்றோருக்காக 1930களிலேயே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இசைத்தட்டுகளில் புத்தகங்கள் வந்துவிட்டன. என் சிக்கல் வேறு. படிக்கும்போது நம் கண் நேராக ஓடுவதில்லை. நமக்கே தெரியாமல், பத்துத் தாவலுக்கு ஒன்றாவது பின்னோக்கிப் போய் விட்ட சொல்லை எடுத்துக்கொண்டு வரும். காதுக்கு அந்த வசதி கிடையாது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்கையில் மனம் எங்கோ போய்த் திரும்பினால், கதாநாயகன் வேறு ஊரில் இருக்கிறான்! முப்பது விநாடி பின்னால் தள்ளலாம்தான், ஈரக் கையோடு எத்தனை தடவை?

அதனால் ஏற்கெனவே படித்த நாவல்களை மட்டும் கேட்கிறேன். கவனம் சிதறினாலும் கதை தொலையாது. கோபம் என்று நான் படித்து வைத்திருந்த ஒரு வசனத்தை வாசிக்கிறவர் சிரித்துக்கொண்டே சொல்லும்போது, குழாயை மூடிவிட்டு நின்று கேட்டிருக்கிறேன்.