அம்மா வீட்டுக் கதவு திறக்கும் நேரம்

லண்டனில் எங்கள் வீட்டு மளிகை புதன்கிழமை இரவு 9 முதல் 10 மணிக்குள் வரும். ஏழு வருடப் பழக்கம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, நள்ளிரவில் கண்விழித்து ஆப்பைத் தட்டித் தட்டி டெலிவரி நேரத்துக்கான ஸ்லாட் பிடித்தவன் நான். அதனால் இந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரன் என்றே நினைத்திருந்தேன், போன நவம்பரில் சென்னை நங்கநல்லூரில் அம்மா வீட்டில் போய் இறங்கும் வரை.

அப்பா போனபின் அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று கனமான சாமான்களை இரண்டு வருடமாக நான்தான் லண்டனிலிருந்து ஆர்டர் போடுகிறேன். பணம் கட்டுவதில் சிரமமில்லை. 2023இல் பிரிட்டன் உள்ளிட்ட பத்து நாடுகளின் கைபேசி எண்களுக்கு யுபிஐ திறந்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்கை இணைத்துக்கொண்டால் போதும். ஸ்லாட் மட்டும் எப்போதும் காலை 6 முதல் 8. அம்மா நாலரைக்கே எழுபவள், வெயிலுக்கு முன் சாமான் வந்துவிடும். என் கணக்கு இவ்வளவுதான்.

போன முதல் வாரத்திலேயே அந்தக் கணக்கு எவ்வளவு அபத்தம் என்று கண்ணால் பார்த்தேன். ஆறு மணிக்கு அம்மா கீழே கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறேகாலுக்குத் தண்ணீர் மோட்டார். தொட்டி நிரம்பி வழிந்தால் கீழ்வீட்டு மாமி சத்தம் போடுவார். ஆறரைக்குக் குளியல், ஏழிலிருந்து பூஜை. அந்த ஏழே காலுக்குத்தான் போன் அடித்தது. டெலிவரிப் பையன். "அம்மா, பழைய நம்பரா புது நம்பரா? லேண்ட்மார்க் சொல்லுங்க." ஒரு கையில் கற்பூரத் தட்டு, மறுகையில் போன். "ஆஞ்சநேயர் கோவில்லேர்ந்து வரியா, ஸ்டேஷன் பக்கத்துலேர்ந்து வரியா?" என்று வழி சொல்லி முடிப்பதற்குள் கற்பூரம் அணைந்துவிட்டது.

"ஏம்மா, இத்தனை நாளா சொல்லவே இல்லையே?"

"நீ ஏதோ அங்கேர்ந்து மெனக்கெட்டு அனுப்பறே. நான் குறை சொல்லணுமா?"

அன்றைக்கே ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தோம். மதியம் 1 முதல் 3 தூக்கம், கூடாது. நாலுக்கு மேல் கோவில். இருட்டியபின் யாருக்கும் கதவு திறப்பதில்லை. மிச்சம் காலை 9 முதல் 12. அதிலும் வெள்ளி பத்தரைக்கு ராகு காலம். புது அரிசி அப்போது வாசல் தாண்டக் கூடாது. சனியன்று அதே ராகு காலம் ஒன்பதுக்கு. திங்கள் வேலைக்காரம்மா வராத நாள், அம்மாவே பாத்திரம் தேய்ப்பாள். கடைசியில் புதன் 10 முதல் 12தான் தேறியது. லண்டனிலும் புதன், இங்கேயும் புதன்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. மழை நாளில் திட்டமெல்லாம் செல்லாது. நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை. ஒரு செவ்வாய் மாலை வானம் கறுத்ததும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுநாள் ஸ்லாட்டுகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகின. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பாலும் ரொட்டியும் தேடினால் வேறென்ன ஆகும்? ஐப்பசி பிறக்கும்போதே பத்து நாள் சரக்கை முன்கூட்டி ஏற்றிவைப்பது என்று முடிவு செய்தோம்.

பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப்களையும் காட்டிப் பார்த்தேன். ஸ்லாட்டே வேண்டாம், பக்கத்துக் கிடங்கிலிருந்து உடனே வந்துவிடும் என்றேன். அம்மாவுக்கு வேகம் பிடித்தது, கறிவேப்பிலைக்கு விலை போட்டிருந்தது பிடிக்கவில்லை. காய் வாங்கினால் கொசுறாக வருவதற்குக் காசா? அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வழி கேட்டு வரும் போன் தொல்லையையும் ஒருவழியாகச் சரி செய்தேன். முகவரியில் பழைய எண், புது எண் இரண்டையும் போட்டு, "3வது மாடி, அழைப்பு மணி வேலை செய்யாது, கதவைத் தட்டவும்" என்று சேர்த்தேன். மேப்பில் குண்டூசி பின்தெருவில் குத்தியிருந்தது. இரண்டு வருடமாகப் பையன்கள் வழி கேட்டதற்கு அதுதான் காரணம். அதை இழுத்து எங்கள் வாசலில் வைத்தேன்.

திரும்பி வந்து முதல் புதன். இருட்டில் போன் அடித்தது. அங்கே காலை 10.10, இங்கே 4.40.

"சாமான் வந்துடுத்துடா. ஒரு போன் இல்லை, நேரா மேலே வந்து கதவைத் தட்டினான்."

"நல்லதும்மா."

"வெண்டைக்காய் மட்டும் அவ்வளவும் முத்தல். ஒவ்வொண்ணா நுனியை ஒடிச்சுப் பார்த்தேன், ஒண்ணுகூட ஒடியலை. திருப்பிக் கொடுக்கணும்னா எந்த பட்டனை அழுத்தணும், சொல்லு."