இருட்டறையா, ஊருணி நடையா, ஜிம் சைக்கிளா?

காரைக்குடியில் என் மச்சான் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுக்கொண்டான். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனாலும் மூன்றாம் நாள், "மந்தமா இருக்கு, படிச்சது நிக்க மாட்டேங்குது" என்றான். அப்பத்தா உள்ளறை ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, "ஒரு மாசம் அசையக் கூடாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்புறம் வீட்டில் பட்டிமன்றம்தான்: இருட்டறையில் கிடப்பதா, ஊருணிக்கரையில் நடப்பதா, ஜிம் சைக்கிள் மிதிப்பதா?

அப்பத்தா சொன்னது பாதி சரி. லேசான தலைக்காயத்துக்கு முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு வேண்டும். அதுவும் படுத்தே கிடப்பதல்ல. வீட்டுக்குள் நடமாடலாம், போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். அதற்கு மேல் இருட்டறை உதவாது. 2015-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 5 நாள் கண்டிப்பாக ஓய்வெடுத்த இளைஞர்கள், ஓரிரு நாளில் எழுந்தவர்களைவிட அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள்.

அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகக் குழு 2019-இல், தலையில் அடிபட்ட 103 பதின்வயதினரை இரண்டு அணியாகப் பிரித்துப் பார்த்தது. அளவாக ஏரோபிக் பயிற்சி (நாடித்துடிப்பை ஏற்றும் நடை, சைக்கிள் மாதிரி) செய்தவர்கள் சுமார் 13 நாளில் தேறினார்கள். கைகால் நீட்டி மடக்கியவர்களுக்கு 17 நாள். தேறுவது என்றால் தலைவலி, மந்தம், கவனச் சிதறல் எல்லாம் அடங்குவது. நினைவாற்றல் கூடியது என்று இதற்கு அர்த்தம் சொல்லிவிட வேண்டாம்.

இதில் சூட்சுமம் நாடித்துடிப்பு. எந்தத் துடிப்பில் தலைவலி கூடுகிறதோ, அதற்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 130-இல் வலி கூடினால் 104 முதல் 117 வரை, தினம் 20 நிமிடம். அந்த எல்லையை மருத்துவரோ பிசியோவோ பார்த்துச் சொல்வது நல்லது.

இங்கேதான் ஊருணிக்கரை நடை தோற்கிறது. செலவில்லைதான். ஆனால் நாலடி வைப்பதற்குள் ஒருவர் நிறுத்தி, "என்ன தம்பி தலையில கட்டு?" என்பார். துடிப்பு இறங்கிவிடும். சித்திரை வெயில் தனியாகத் தலைவலி தரும். பட்டாசாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், போட்ட ஜிம் சைக்கிளில் தலை குலுங்காது, வேகம் சீராக இருக்கும், கிறுகிறுத்தால் அப்படியே நிறுத்தலாம். சலிப்பூட்டும், அது மட்டும் உண்மை. சித்தப்பா வீட்டில் வேட்டி காயப்போட்டுக் கிடந்த சைக்கிளைத்தான் தூக்கிவந்தோம்.

ரோட்டில் சைக்கிள், ஃபுட்பால் இரண்டும் மருத்துவர் சரி சொல்லும்வரை கிடையாது. இன்னொரு அடி பட்டால் வினை. திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், ஏறிக்கொண்டே போகும் தலைவலி என்றால் எந்த ஒப்பீடும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

இளவட்டத்துக்கு என் ஓட்டு சைக்கிளுக்கே. விழுந்தது அப்பத்தாவாக இருந்திருந்தால் நடைதான், அதுவும் வீட்டு வளவைச் (உள்முற்றத்தை) சுற்றி, பக்கத்தில் ஒரு ஆளோடு. சில பிரஷர் மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது; அந்த வயதில் துடிப்பை எண்ணிப் பார்த்தால் கணக்கு ஏமாற்றிவிடும்.