டவுன் பையா, பாலியெஸ்டர் பையா?

உத்தராகண்டின் கேதார்காந்தா மாதிரி பனிக்கால மலையேற்றத்துக்கு ஸ்லீப்பிங் பேக் வாங்கப் போனால் முதல் குழப்பம் இதுதான். உள்ளே இருப்பது வாத்தின் மென்தூவியான டவுனா, பாலியெஸ்டர் இழையா?

எடை: டவுன் லேசு, நன்றாகச் சுருங்கும். அதே சூட்டுக்குப் பாலியெஸ்டர் கனம், முதுகுப்பையில் இடத்தையும் அடைக்கும்.

விலை: டவுன் கையைக் கடிக்கும். பாலியெஸ்டர் மலிவு.

ஈரம்: இங்கேதான் கவனம் வேண்டும். நாம் விடும் மூச்சே கூடாரத் துணியில் உறைந்து, காலையில் பொடிப்பனியாகப் பை மேல் உதிரும். முகத்தை உள்ளே புதைத்துத் தூங்கினால் அந்த ஈரம் முழுக்கப் பைக்குள்தான். நனைந்த டவுன் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். காற்றைப் பிடித்துவைக்காது, சூடும் போச்சு. பாலியெஸ்டர் நனைந்தாலும் ஓரளவு தாங்கும், சீக்கிரம் காயும்.

உழைப்பு: டவுனை வீட்டில் அமுக்காமல் தளர்வாக வைத்தால் பத்து வருஷம் தாண்டும். பாலியெஸ்டர் அமுக்க அமுக்கத் தட்டையாகிவிடும்.

வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவருக்கும், மழை ஈரத்தில் தங்குகிறவருக்கும் பாலியெஸ்டர் போதும். உலர்ந்த குளிரில் பல நாள் சுமந்து நடப்பவர் டவுனுக்குச் செலவழிக்கலாம்.

எதை வாங்கினாலும் லேபிளில் 'லிமிட்' (சுருண்டு படுத்து ஒருவழியாகச் சமாளிக்கும் குளிர்) அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள், 'கம்ஃபர்ட்' (வசதியாகத் தூங்கக்கூடிய குளிர்) அளவைப் பாருங்கள். அப்புறம், அடியில் நல்ல பாய் வேண்டும். படுத்ததும் நம் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடும். தரைக்குளிர் நேராக ஏறும்.