கிரேக்கத் துறைமுகங்களில் குடும்பத்தோடு இறங்கப் போகிறவர்களுக்கு எச்சரிக்கை: எங்கள் 940 யூரோ போன விதம்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உல்லாசக் கப்பலில் போய், கிரேக்கத் துறைமுகங்களில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டமிட்டுக்கொண்டிருக்கும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஒவ்வொரு துறைமுகத்திலும் கார், வழிகாட்டி, நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பேக்கேஜாக விற்கும் ஓர் இணைய முன்பதிவுத் தளத்துக்கு நாங்கள் 940 யூரோ கட்டினோம். அந்தப் பணத்துக்கு ஒரு காரைக்கூட நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. வீடு திரும்பி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், இன்று காலையும் "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது" என்றுதான் அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. வழக்கு என்று ஏதாவது வந்துவிடுமோ என்று கணவர் தயங்குவதால் தளத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்தது எதையும் மறைக்கப் போவதில்லை.

நாங்கள் லண்டனில் வசிக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், நான்கு வயது மகள், முழங்கால் வலியோடு இருக்கும் என் மாமியார் என ஐந்து பேர். ரோமுக்கு அருகிலுள்ள சிவிடவெக்கியா துறைமுகத்தில் ஏறி, சாண்டோரினி, மைக்கோனோஸ், ஏதென்ஸுக்கான பிரேயஸ், பழைய ஒலிம்பியாவுக்கான கட்டகோலோ ஆகிய நான்கு இடங்களில் இறங்குவதாகப் பயணத் திட்டம் இருந்தது. கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாக்கள் பெரிய பேருந்தில், தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, எல்லோரும் ஒரே வேகத்தில் நடந்தாக வேண்டிய ஏற்பாடுகள். நான்கு வயதுக் குழந்தைக்கும் படியேற முடியாத பெரியவருக்கும் அது சரிப்படாது. கிரேக்கத்தில் சாதாரண டாக்சியில் நான்கு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள் என்பதால், குழந்தை இருக்கையோடு கூடிய ஏழு பேர் அமரும் வண்டி ஒன்று தேவைப்பட்டது. அப்படித் தேடியபோதுதான் இந்தத் தளத்தின் விளம்பரம், அதுவும் தமிழிலேயே, கைபேசியில் வந்தது.

மற்ற தளங்கள் எல்லாம் எத்தனை பேர், எந்த அட்டை என்பதோடு நிறுத்திக்கொண்டன. இங்கே தொலைபேசியில் பேசிய பெண், பிள்ளைகளின் வயதைக் கேட்டார், மகளின் எடையைக் கேட்டார், மாமியாருக்கு எந்தக் காலில் வலி என்றுகூடக் கேட்டார். சாண்டோரினியில் கப்பல் கரையில் கட்டப்படாது, நடுக்கடலிலிருந்து சிறு படகில்தான் இறக்குவார்கள் என்று நான் படித்திருந்தேன். அதனால், "படகு எங்களை எங்கே இறக்குகிறதோ அங்கேதான் வண்டி வருமா?" என்று தெளிவாகவே கேட்டேன். "கவலையே படாதீங்க அக்கா. நீங்க கால் வைக்கிற எடத்துலயே உங்க பேர் எழுதின பலகையோட டிரைவர் நிப்பாரு. பாப்பாவுக்கு சீட்டு வண்டியிலயே இருக்கும். அம்மாவை ஒரு படிகூட ஏற விட மாட்டோம்" என்றார் அவர். அதே கேள்வியைத் தளத்தின் உரையாடல் பெட்டியிலும் எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திய குறி ஒன்று பதிலாக வந்தது. அன்று இரவே பணம் கட்டினோம்.

சாண்டோரினிக்கு 340, ஏதென்ஸுக்கு 290, ஒலிம்பியாவுக்கு 210, ஆக 840 யூரோ. அதன் மேல், சாண்டோரினியில் கப்பல் பயணிகளுக்கு அரசு விதிக்கும் வரி என்று தலைக்கு 20 யூரோ வீதம் 100 யூரோ. மொத்தம் 940. கிரேக்க அரசு அப்படி ஒரு வரியை 2025 ஜூலையிலிருந்து வசூலிப்பது உண்மைதான். சாண்டோரினியிலும் மைக்கோனோஸிலும் கோடை மாதங்களில் அது தலைக்கு 20 யூரோ. ஆனால் அதை வசூலித்துக் கட்டுவது கப்பல் நிறுவனம். கரையில் கார் ஏற்பாடு செய்கிறவருக்கும் அந்த வரிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கப்பலில் எங்கள் கணக்கில் அதே வரி மறுபடியும் ஏறியிருந்ததைப் பார்த்தபோதுதான் அந்த 100 யூரோ முழுப் பொய் என்று புரிந்தது. அரசின் பெயரைச் சொல்லி, குழந்தைகளையும் தலை எண்ணிப் பணம் பிடுங்கியிருக்கிறார்கள்.

இனி சாண்டோரினியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று முழுவதும் அந்தத் தீவின் அமைப்பை வைத்தே நடந்தது. பழைய எரிமலை வெடித்து உள்ளே சரிந்த பள்ளத்தில் கடல் புகுந்திருக்கிறது. அந்த நீர்ப்பரப்பில்தான் கப்பல்கள் நிற்கும். எதிரே சுவர்போல் எழும் பாறையின் உச்சியில் ஃபிரா என்ற ஊர். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களைப் பொதுவாகத் தெற்கே உள்ள அதினியோஸ் என்ற புதிய துறைமுகத்துக்குப் படகில் கொண்டுபோவார்கள். அங்கே சாலை உண்டு, பேருந்துகள் நிற்கும். தாமாகச் சுற்றப் போகிறவர்களை ஃபிராவுக்கு நேர் கீழே உள்ள பழைய துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அந்தப் பழைய துறைமுகத்துக்கு வண்டி வரும் சாலையே கிடையாது. மேலே போக மூன்றே வழிகள்தான்: கேபிள் கார், ஏறத்தாழ 600 படிகள், அல்லது அதே படிகளில் ஏறும் கழுதை. இந்தத் தீவில் தொழில் செய்கிறவர் எவருக்கும் இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. நாங்கள் கால் வைக்கும் இடத்திலேயே வண்டி நிற்கும் என்று சொன்னவர், வண்டியே வர முடியாத இடத்தில் நிற்கும் என்று சொல்லி எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்.

வவுச்சரில் "சாண்டோரினி துறைமுகம், காலை 9.30" என்று மட்டும் அச்சிட்டிருந்தது. பழைய துறைமுகத்தில் இறங்கியபோது ஒன்பது மணி தாண்டியிருந்தது. பலகையும் இல்லை, ஓட்டுநரும் இல்லை. வவுச்சரின் வரைபடக் குறியைப் படகுத்துறைப் பணியாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் தெற்கே கையைக் காட்டி "அதினியோஸ்" என்றார். அங்கிருந்து அதினியோஸுக்குப் போக வேண்டுமானால் முதலில் பாறை உச்சிக்கு ஏறி, பிறகு சாலை வழியாக மறுபடியும் கீழே இறங்க வேண்டும். அன்று வேறு கப்பல்களும் வந்திருந்ததால் கேபிள் கார் வரிசை படகுத்துறை வரை நீண்டிருந்தது. ஆகஸ்ட் வெயிலில், நிழலே இல்லாத அந்தத் துறையில், மகள் அழுதுகொண்டிருக்க, மாமியார் ஒரு கற்சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அவர்கள் கொடுத்த எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மணி மட்டும் அடித்தது. பிறகு ஓட்டுநர் எடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. துறைமுகத்தில் காத்திருப்பதாகவும், எந்தக் கப்பல் என்றுகூடத் தன்னிடம் சொல்லவில்லை என்றும், முகவர் சம்மதித்தால் ஃபிராவின் பேருந்து நிலையத்துக்கு வந்து ஏற்றிக்கொள்வதாகவும் சொன்னார். அந்தச் சம்மதத்தைக் கேட்டு நான் தளத்துக்கு அனுப்பிய செய்திகளுக்கு யாரும் பதில் எழுதவில்லை. அக்கா என்று அழைத்த பெண்ணின் எண் அணைந்திருந்தது. 10.15க்கு ஒரு தானியங்கிச் செய்தி மட்டும் வந்தது: குறித்த நேரத்தில் பயணி வரவில்லை, எனவே "நோ ஷோ" என்று பதிவு செய்யப்பட்டுள்ளது, பணம் திரும்பத் தரப்படாது. நாங்கள் அப்போதும் கேபிள் கார் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

ஒருவழியாக மேலே போனோம். தீவில் டாக்சிகள் மிகக் குறைவு என்பதால் எதுவும் கிடைக்கவில்லை. ஓயா என்ற இன்னோர் ஊருக்குப் போகும் பேருந்து நெரிசலில் மாமியாரை ஏற்றத் துணியவில்லை. இறங்குவதற்கும் அதே நீளத்துக்கு வரிசை நிற்கும், கடைசிப் படகைத் தவறவிட்டால் கப்பல் காத்திருக்காது என்ற பயத்தில், ஃபிராவில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சீக்கிரமே இறங்கிவிட்டோம். மகன் பல மாதங்களாகப் படம் வரைந்து காத்திருந்த எரிமலைத் தீவு அவனுக்கு இவ்வளவுதான் கிடைத்தது. இதை நினைக்கும்போதுதான் பணத்தைவிட அதிகமாக வயிறு எரிகிறது.

மைக்கோனோஸுக்கு நாங்கள் எதுவும் முன்பதிவு செய்யவில்லை. புதிய துறைமுகத்திலிருந்து ஊருக்குப் போகும் சிறு படகில் போய் நிம்மதியாகத் திரும்பினோம். பிரேயஸில் மறுபடியும் அதே கதை. சொன்ன வாயிலில் நெடுநேரம் நின்ற பிறகு தளத்தின் செயலியைத் திறந்து பார்த்தால், முதல் சேவைக்கு நாங்கள் வராததால் அதே பேக்கேஜில் இருந்த மற்ற இரண்டு சேவைகளும் தாமாகவே ரத்தாகிவிட்டன என்று இருந்தது. அதை எங்களுக்கு ஒரு வரி எழுதித் தெரிவிக்கக்கூட அவர்களுக்கு மனமில்லை. ஏதென்ஸில் மலைமேல் பழங்காலக் கோயில்கள் இருக்கும் அக்ரோபோலிஸுக்கு 2023 செப்டம்பரிலிருந்து மணிவாரியாகத்தான் அனுமதி, நாளுக்கு 20,000 பேர் என்று வரம்பும் உண்டு. எங்கள் நேரச்சீட்டு பேக்கேஜோடு சேர்ந்தே போய்விட்டது. காலை நேரங்கள் முன்பே விற்றுத் தீர்ந்திருந்தன. மதியத்துச் சீட்டை வாங்கினால் அந்த வெயிலில் குழந்தையை மலைமேல் கூட்டிப்போக முடியாது, கப்பலுக்கும் திரும்ப முடியாது. இரண்டு டாக்சிகளுக்குத் தனித்தனியாகப் பணம் கொடுத்து, மலையடிவாரத்து அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கண்ணாடித் தரைக்குக் கீழே பழைய ஊரின் இடிபாடுகள் தெரியும் அந்த இடத்தைப் பிள்ளைகள் மிகவும் விரும்பினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த மலைமேல் இருக்கும் பார்த்தெனான் கோயிலை அவர்கள் சாளரத்தின் வழியாகத்தான் பார்த்தார்கள். கட்டகோலோவில் யாரையும் எதிர்பார்க்காமல், துறைமுக வாசலிலேயே விற்ற பேருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஒலிம்பியா போய்த் திரும்பினோம். அதற்கான 210 யூரோவும் அந்தத் தளத்திடமே இருக்கிறது.

அதன் பிறகு அவர்கள் எங்களை நடத்திய விதத்தைக் கேளுங்கள். முதல் மின்னஞ்சலுக்கு, தாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்றும், சேவை தருகிறவர் உள்ளூர் நிறுவனம் என்றும் பதில் வந்தது. உள்ளூர் நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் தனியுரிமை காரணமாகத் தர முடியாதாம். இரண்டாவது பதிலில், சந்திக்கும் இடத்துக்கு வந்து சேர்வது பயணியின் பொறுப்பு என்றார்கள். கால் வைக்கும் இடத்திலேயே வண்டி நிற்கும் என்று உங்கள் ஊழியர் சொன்னாரே என்று கேட்டதற்கு, தொலைபேசியில் பேசியது ஒப்பந்தத்தில் சேராது என்றார்கள். எழுத்தில் கேட்டதற்குக் கட்டைவிரல் குறி வந்ததே என்றால், அது செய்தி கிடைத்ததற்கான அடையாளமாம், உறுதிமொழி ஆகாதாம். சரி, அந்த உரையாடலையாவது எடுத்துக் காட்டலாம் என்று பார்த்தால், சேவை நாள் கடந்ததும் உரையாடல் பெட்டி காலியாகிவிட்டது. விற்கும்வரை தமிழில் அக்கா என்று பேசியவர்கள், விற்ற பிறகு பெயரில்லாத ஆங்கிலக் கடிதங்களாக மாறிவிட்டார்கள். வரி என்று வாங்கிய 100 யூரோவைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் இன்றுவரை எந்தப் பதிலும் இல்லை. கடைசியில் "நல்லெண்ண அடையாளமாக" அடுத்த முன்பதிவில் 5 சதவீதம் கழிவு தருகிறார்களாம். 940 யூரோவை விழுங்கியவர்களிடம் நான் இன்னொரு முறையும் முன்பதிவு செய்ய வேண்டுமாம்!

டெபிட் கார்டில் கட்டினால் சிறு தள்ளுபடி என்று தளத்தில் ஏன் போட்டிருந்தார்கள் என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள சேவையைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி கார்டு கொடுத்த நிறுவனத்தையும் பொறுப்பாக்க முடியும். டெபிட் கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சேவை கிடைக்கவில்லை என்று சொல்லி "சார்ஜ்பேக்" முறையில் வங்கியிடம் முறையிடலாம், அவ்வளவுதான். 940 யூரோவுக்கும் அப்படி முறையிட்டிருக்கிறேன். ஓட்டுநரோடு பேசிய அழைப்புப் பதிவு, 9 மணி தாண்டியதுமே பழைய துறைமுகத்தில் எடுத்த படங்கள், கப்பல் கணக்கில் ஏறிய வரி ஆகியவற்றை இணைத்து அனுப்பியிருக்கிறேன்.

ஒவ்வொரு துறைமுகத்துக்கும் பிள்ளைகளோடு என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் ஒப்பவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சாண்டோரினியில் தனியார் வண்டி ஏற்பாடு செய்தால், பழைய துறைமுகமா, அதினியோஸா, ஃபிராவில் கேபிள் காரின் மேல் நிலையமா என்று இடத்தின் பெயரோடு எழுத்தில் வாங்குங்கள். கரைச் சுற்றுலா விற்கிறவர் கப்பல் பயணி வரி கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள். பல துறைமுகங்களை ஒரே முன்பதிவாகச் சேர்க்காமல் தனித்தனியாக வாங்குங்கள். அக்ரோபோலிஸ் நேரச்சீட்டை அரசின் சீட்டுத் தளத்தில் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். உரையாடல்களை உடனுக்குடன் படம் பிடித்து வையுங்கள்.

அக்டோபர் பள்ளி விடுமுறைக்கான கப்பல் பயணங்களைக் குறிவைத்து அதே விளம்பரம், அதே படங்களோடு, வேறொரு பெயரில் நேற்று மறுபடியும் என் கைபேசியில் வந்தது. பிள்ளைகளின் வயதை அக்கறையாக விசாரித்து, மூன்று துறைமுகங்களுக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்லி, டெபிட் கார்டுக்குத் தள்ளுபடி என்று யாராவது பேசினால் பணம் கட்டாதீர்கள். ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் பயண நாள் வரும்வரை காத்திருக்காமல், ரத்து செய்ய அவர்களே கொடுத்திருக்கும் காலக்கெடுவுக்குள் எழுத்தில் ரத்து செய்துவிட்டு, இன்றே உங்கள் வங்கியை அழையுங்கள்.