பழைய ஆர்15 வி3-யா, ஆர்சி 200-ஆ? ஃபேரிங்குக்குக் கீழே குனிந்து பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் பைக் தேடுகிற பலர் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது யமஹா ஆர்15 வி3, கேடிஎம் ஆர்சி 200 என்ற இந்த இரண்டில்தான். பவர் கணக்கு எல்லாருக்கும் தெரிந்தது: வி3 155 சிசி, 19 பிஎஸ்ஸை ஒட்டி, ஆர்சி 200 சிசி, 25 பிஎஸ். ஐந்தாறு வருடம் ஓடிய வண்டிக்கு அந்தக் கணக்கு பாதிதான். மீதி, முந்தைய ஓனரின் கைப்பழக்கம்.

எந்த வண்டி என்றாலும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். நான் பார்க்கப் போன ஒரு வண்டி, "இப்பதான் பெட்ரோல் போட்டுட்டு வந்தேன்" என்ற விளக்கத்தோடு சூடாகவே நின்றது. ஒரு டீ குடித்து, ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மூன்று முறை இழுத்து, நீலப் புகையோடுதான் எழுந்தது.

நீலப் புகை என்றால் உள்ளே இன்ஜின் ஆயில் எரிகிறது. வி3-யில் அதை லேசாக விடக்கூடாது. இதன் சிலிண்டர் டயாசில் என்ற அலுமினிய வகை. உள்ளே இரும்பு லைனர் கிடையாது. தேய்ந்துவிட்டால் பழைய வண்டிகளைப் போல ரீபோர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) சமாளிக்க முடியாது, பிளாக்கையே மாற்ற வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது 7,400 ஆர்பிஎம்மைத் தாண்டுங்கள். மீட்டரில் விவிஏ (வால்வு திறப்பை வேகத்துக்கேற்ப மாற்றும் அமைப்பு) என்று காட்ட வேண்டும், இழுவையும் தொய்யாமல் தொடர வேண்டும்.

ஆர்சி 200-இல் என் கண் முதலில் போவது ரேடியேட்டருக்கு. ஆறிய வண்டியில் கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டு, ஃபேன் சுழலும் வரை ஐடிலில் விடுங்கள். ஃபேன் ஓடியும் சூடு இறங்கவில்லை என்றால் கிளம்பிவிடலாம். அடுத்தது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினால் நடுவில் 'டக்' என்று உட்காரக் கூடாது. இன்னொன்று, முதல் தலைமுறை ஆர்சியின் சைலன்சர் வயிற்றுக்கடியில் இருக்கிறது. நம் ஊர் வேகத்தடைகள் அதில் கையெழுத்துப் போட்டிருக்கும். கீறல் பரவாயில்லை, நசுங்கல் இருந்தால் யோசியுங்கள்.

விழுந்த வண்டியைக் கண்டுபிடிப்பதில் ஆர்சி கொஞ்சம் வெளிப்படை. டிரெல்லிஸ் சட்டத்தின் குழாய்களில், குறிப்பாக ஹேண்டில் கழுத்துப் பக்கம், பெயின்ட் வெடிப்போ புதுப் பூச்சோ தெரிந்துவிடும். வி3-யில் டெல்டாபாக்ஸ் என்ற சட்டத்தின் பெரும்பகுதியை ஃபேரிங் என்ற வெளிப் பிளாஸ்டிக் கவசம் மூடியிருக்கும். ஃபேரிங்கையே புதிதாக மாட்டினால் வண்டி பளபளவென்று நிற்கும். அங்கே போல்ட்டுகளைப் பாருங்கள். தலை தேய்ந்திருந்தால் பலமுறை கழற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். இரண்டிலுமே ஹேண்டிலை முழுவதும் இருபக்கமும் திருப்பி, கழுத்தில் முட்டும் ஸ்டாப்பரைப் பாருங்கள். அது நசுங்கியிருந்தாலோ வெல்டு வைத்திருந்தாலோ விலை பேசவே வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-இன் 32-வது வாரம். ஆர்சியின் பின் டயர் 150 அகலம், வி3-க்கு 140. மாற்ற வேண்டியிருந்தால் ஆர்சிக்குச் செலவு கூடும், அதை விலையில் கழியுங்கள். 2019-க்கு முந்தையது என்றால் இரண்டிலும் ஏபிஎஸ் இல்லாத வண்டிகள் உண்டு. இருக்கும் வண்டியில் சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கில் கைவைத்திருக்கிறார்கள்.

அப்புறம் பேப்பர். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சி புக்கில் சேசிஸ், இன்ஜின் எண்களை வண்டியோடு ஒத்துப் பாருங்கள். லோன் முடிந்திருந்தாலும் ஹைப்போதிகேஷன் (கடன் கொடுத்தவரின் அடமானப் பதிவு) நீக்கியிருக்கிறதா, இ-சலான் பாக்கி உண்டா என்று அரசின் பரிவாகன் தளத்தில் தட்டிப் பாருங்கள்.

ஒரே விலையில் இரண்டும் வந்தால் நான் ஒற்றை ஓனர் வி3-யைத்தான் எடுப்பேன், தினமும் ஆபீஸ் போகிறவனுக்கு அதன் லேசான கிளட்ச் போதும். கம்பெனி கொடுத்த ஸ்டாக் சைலன்சரோடு, சர்வீஸ் பில்கள் முழுதாக இருக்கும் ஆர்சி 200 கண்ணில் பட்டால் மட்டும் எனக்கும் ஒரு போன் போடுங்கள்.