போர்டு சாகவில்லை, கம்பிதான் செத்தது: ஊனோவோடு நாலு வருஷம்

பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதுகிற விமர்சனம் இல்லை இது. எங்கள் மாணவர் குழுவில் 12 ஆர்டுயினோ ஊனோ R3 போர்டுகள் (ப்ரோக்ராம் எழுதி விளக்கு, மோட்டார், சென்சார் எல்லாம் இயக்கப் பழகும் சின்ன மின்னணுப் பலகை) நாலு வருஷமாகக் கை மாறிக் கை மாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. பாதி அசல், பாதி பெயர் தெரியாத நகல். இன்றைக்கு 11 உயிரோடு இருக்கின்றன. போன ஒன்றும் தானாகப் போகவில்லை, ஒரு பையன் 12 வோல்ட் அடாப்டரின் கம்பியை 5 வோல்ட் பின்னில் (போர்டில் கம்பி செருகும் இடம்) செருகிவிட்டான். அந்தப் பின்னில் கொடுத்தால் வோல்டேஜைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரைத் தாண்டி நேரே சிப்புக்குத்தான் போகும். ஒரு வாசனை வந்தது, அவ்வளவுதான்.

ஆகவே போர்டு உழைக்குமா என்று கேட்பவர்களுக்கு, நன்றாக உழைக்கும். ஆனால் முதல் வருஷம் முழுக்க "மிஸ், போர்டு போச்சு" என்ற குரல்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் அப்பாவியாக உட்கார்ந்து ப்ரோக்ராமை வரி வரியாகப் படிப்பேன், அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஜம்பர் கம்பி உள்ளுக்குள் அறுந்திருக்கும், வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். இப்போதெல்லாம் அப்படி வருகிற பிள்ளையிடம் மல்டிமீட்டரைக் கொடுத்து, பீப் சத்தம் வருகிறதா என்று ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிடுகிறேன். பத்துக்கு ஏழு பேர் திரும்பி வருவதில்லை.

பாகங்களைப் பற்றவைக்காமல் செருகிச் சேர்க்கும் துளைப் பலகையான பிரெட்போர்டும் லேசுப்பட்டதில்லை. நீளமான 830 துளைப் பலகை சிலவற்றில் ஓரத்து மின்வரிசை நடுவில் துண்டாகியிருக்கும், சிவப்புக் கோடு நடுவில் விட்டிருப்பதுதான் அடையாளம், அதை யாரும் கவனிப்பதில்லை. அப்புறம் தடித்த கால் உள்ள டையோடை (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) அழுத்திச் செருகினால் உள்ளே இருக்கும் கிளிப் விரிந்துவிடும், அதற்கப்புறம் அந்தத் துளையில் மெல்லிய கம்பி நிற்காது, தொட்டால் வேலை செய்யும் விட்டால் நின்றுவிடும். யுஎஸ்பி கேபிளில் சார்ஜுக்கு மட்டும் என்று ஒரு ரகம் இருக்கிறது. போர்டில் விளக்கு எரியும், ஆனால் போர்டு இணைந்திருப்பதைக் கணினி மட்டும் காட்டாது. எங்களிடம் இருந்த அந்த ரகத்தையெல்லாம் பொறுக்கி எடுத்துச் சிவப்பு டேப் சுற்றி வைத்தாயிற்று.

சரி, ப்ராஜெக்டுக்கு வருவோம். எங்கள் பிள்ளைகள் அதிகம் செய்தது செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவிதான், நான் அதிகம் கற்றுக்கொண்டதும் அதில்தான். ஒரு மாணவி செய்த கருவியில் பம்ப் டக் என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிற்கும், சற்றுப் பொறுத்து மறுபடி டக். நான் வழக்கம்போல அறுந்த கம்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பம்பைப் பார்க்கவே இல்லை, போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், மோட்டார் இழுக்கும்போதெல்லாம் இந்த மஞ்சள் லைட் மினுக்குது, ஆனா 13வது பின்னை நான் ப்ரோக்ராம்ல தொடவே இல்லையே" என்றாள். அந்த மஞ்சள் லைட் 13வது பின்னோடு சேர்ந்தது. ரீசெட் பட்டனை அழுத்தினால் வருகிற அதே மினுக்கல். போர்டு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது! மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதையும் போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்தே கொடுத்திருந்தாள், யுஎஸ்பியோ 500 மில்லிஆம்பியருக்கு மேல் தராது. வோல்டேஜ் சரியும், சிப் ரீசெட் ஆகும், மண் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கும், ஆமாம், பம்பைப் போடும், மறுபடி சரியும். மோட்டாருக்குத் தனி பேட்டரி வைத்து, மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடு போட்டதும் அடங்கியது. தனி பேட்டரி வைத்த முதல் பத்து நிமிஷம் மோட்டார் அசையவே இல்லை என்பது வேறு கதை, பேட்டரி, போர்டு இரண்டு பக்கத்துக் கிரவுண்டையும் (மைனஸ் முனை) சேர்க்க மறந்திருந்தோம். போர்டு சொல்வதைக் கேட்டு மோட்டாரைப் போட்டு அணைக்கும் டிரான்சிஸ்டருக்கு அந்த வழி இல்லாமல் ஆகாது.

அதே கருவியில் அடுத்த தொல்லை மண் ஈரம் பார்க்கும் முள்கரண்டி மாதிரியான சென்சார். அதற்கு எப்போதும் மின்சாரம் கொடுத்தே வைத்திருந்தால் மின்னாற்பகுப்பில் ஒரு பக்கத்துச் செம்பு கரைந்து போய்விடும். சில வாரத்தில் பிடுங்கிப் பார்த்தபோது ஒரு கால் பச்சையும் கறுப்புமாக அரித்திருந்தது. அரிக்க அரிக்க மண் காய்ந்துவிட்டது என்றே காட்டும், பம்ப் ஊற்றிக்கொண்டே இருக்கும், செடி அழுகியது. மணிக்கு ஒரு முறை, அளக்கும் நொடி மட்டும் ஒரு டிஜிட்டல் பின் வழியாக மின்சாரம் கொடுத்தால் பல மடங்கு நாள் வரும். இப்போது செம்பு மண்ணைத் தொடாத கெப்பாசிட்டிவ் வகைக்கு மாறிவிட்டோம், அதிலும் பலகையின் வெட்டு ஓரத்தில் ஈரம் ஏறும், நகப்பூச்சு தடவிவிட வேண்டும்.

ப்ரோக்ராம் எப்போதுமே நிரபராதி என்று சொல்ல வரவில்லை. ஒரு நிமிஷம் காத்திருக்கச் சொல்லி, மில்லிநொடியில் கணக்கு வைக்கும் டிலே கட்டளைக்குள்ளே 60*1000 என்று ஒருவன் எழுதியிருந்தான். போர்டு உறைந்து போனது மாதிரி இருந்தது, நானும் போர்டைச் சந்தேகித்தேன். எங்கள் ஊனோவில் முழு எண் 16 பிட்தான், 32,767க்கு மேல் தாங்காது. பெருக்கல் மைனஸ் 5536 ஆகி, டிலேக்குக் குறி இல்லாத 32 பிட் எண்தான் தெரியும் என்பதால், 49 நாளுக்கு மேல் காத்திருக்கச் சொன்னதாகிவிட்டது. 60000 என்று நேரே எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை, கம்பைலர் தானே பெரிய எண்ணாக எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு வரியை வைத்து இரண்டு வகுப்பு எடுத்துவிட்டேன், புத்தகத்தில் இருந்த பிட் கணக்கு அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு உறைத்தது.

எங்களிடம் இருக்கும் R3இல் குறை என்றால், 2 கேபி நினைவகம். திரையில் நாலு வரியைக் காட்டி, சென்சார் கணக்கையும் சேர்த்து வைக்கப் போனால் திணறும். வைஃபையும் கிடையாது, போனிலிருந்து விளக்கைப் போட வேண்டும் என்பவர்களுக்கு வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டுதான். ஆனால் அதை முதல் போர்டாகக் கொடுக்க எனக்கு மனசில்லை. அது 3.3 வோல்ட் ஆசாமி, 5 வோல்டில் ஓடும் தூரம் அளக்கும் சென்சாரின் எக்கோ காலை, அதாவது அளவைத் திருப்பி அனுப்பும் காலை, இரண்டு ரெசிஸ்டர் வைத்து வோல்டேஜைக் குறைக்காமல் செருகினால் அந்தப் பின்னே கெட்டுவிடலாம். வைஃபை ஓடும்போது சில அனலாக் பின்கள் வேறு படிக்காது. ஊனோ தப்பைப் பொறுத்துக்கொள்ளும், முதல் வருஷத்துப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். கிட்டோடு வருகிற சதுரமான 9 வோல்ட் பேட்டரியை மட்டும் தூரப் போடுங்கள், மோட்டார் வண்டி அதில் நாலு சுற்று வந்தாலே அதிசயம்.

கிட் வாங்குவதைவிட, கெட்ட கம்பியை அங்கேயே வெட்டிப் போடுகிற பழக்கம் வருவதுதான் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகள் அதைப் பெட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டுவிடுவார்கள், அடுத்த வாரம் வேறொருவன் தலையில் அது விழும். இப்போது மேசையோரம் ஒரு கட்டர் கட்டித் தொங்குகிறது. இந்த வருஷம் வாங்க எழுதி வைத்ததில் போர்டு ஒன்றுகூட இல்லை. ஜம்பர் கம்பி நாலு கட்டு, பிரெட்போர்டு ஆறு, இன்னொரு மல்டிமீட்டர்.