இத்தாலியக் கால்பந்து அணி இன்டர் மிலான்: 2009–10 சீசனா, 2024–25 சீசனா?

லீக் புள்ளிகளை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 2010-இல் 82 எடுத்து ரோமாவை இரண்டு புள்ளியில் முந்திப் பட்டம் வென்றார்கள். 2025-இல் 81, நாப்போலி 82. ஒரே புள்ளியில் போச்சு!

2010-இல் பயிற்சியாளர் மொரினியோவின் அணி மூன்று கோப்பைகளையும் அள்ளியது. இத்தாலியக் கோப்பை இறுதி, சியெனாவில் கடைசி லீக் ஆட்டம், மாட்ரிட்டில் ஜெர்மனியின் பயர்னுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் கோப்பை) இறுதி என மூன்றிலும் இன்டரின் எல்லா கோல்களும் மிலிட்டோ அடித்தவை. 2025-இல் பயிற்சியாளர் இன்சாகியின் அணிக்கோ வெறுங்கை. இத்தாலியக் கோப்பை அரையிறுதியில் ஊர்ப் பங்காளி ஏசி மிலானிடம் அடி, மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பாரிஸ் அணி பிஎஸ்ஜியிடம் 0–5.

ஆனால் சாம்பியன்ஸ் லீக்கில் பார்சிலோனாவுடனான அரையிறுதிகளைப் பாருங்கள். 2010-இல் இரண்டாவது ஆட்டத்தில் இன்டரின் மோட்டா 28-வது நிமிடமே சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேர் கோல்முகத்தை அடைத்து நின்று 0–1 தோற்றும் இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் தப்பினார்கள். 2025-இல் 3–3, பிறகு 4–3. கூடுதல் நேரத்துக்கு இழுத்த கோலை 93-வது நிமிடத்தில் அடித்தவர் 37 வயது டிஃபெண்டர் அச்செர்பி. அந்த நேரத்தில் அவருக்கு அங்கே என்ன வேலை?

கோப்பைக் கணக்கில் 2010-க்கு ஈடில்லை. மறுபடி உட்கார்ந்து பார்க்க ஒரே ஆட்டம் என்றால், என் ஓட்டு அந்த 4–3-க்குத்தான்.